முயல்குட்டியும் முன்ஜென்ம வினையும்

கறுத்த தாய்க்கும் கறுத்த தகப்பனுக்கும் தோலும் மயிரும் வெளுத்த குழந்தை ஒன்று பிறந்துவிட்டால் நம் நாட்டில் என்ன நடக்கிறது? மாமியார் மருமகளை ஏற இறங்கப் பார்க்கிறாள். ஊரார் காதோடு காதாகப் பேசிக் கொள்ளுகிறார்கள். ஜோசியன் பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறான். புராணிகன் "பூர்வ ஜென்ம பாவம்" என்கிறான். ஆகவே தாயின் நடத்தையின் பேரில் ஒரு பழி, கண் விழிக்காத குழந்தையின் பேரில் ஒரு பழி, பரிகாரச் செலவு தகப்பன் தலையில், வரும்படி மாத்திரம் புரோகிதனுக்கு என்று ஏற்பட்டுவிடுகிறது.

இந்த வழக்கை விசாரிக்கச் சாஸ்திரிகளும் வேண்டியதில்லை, சங்கராச்சாரிகளும் வேண்டியதில்லை. ஒரு முயல் கூண்டு போதும்.

முயல் வளர்க்கிறவனுக்கு இது பழைய சங்கதி. அவனுடைய ஆண் முயலும் கறுப்பு, பெண் முயலும் கறுப்பு. ஈத்தில் ஒரு குட்டி சிவந்த கண்ணும் பால் வெள்ளை மயிருமாக வந்து விழும். அவன் பெண் முயலின் கற்பைச் சந்தேகிப்பதில்லை. அவன் சொல்லுவதெல்லாம், "இரண்டுக்குள்ளும் வெள்ளை ஒளிந்திருக்கிறது" என்பதுதான்.

ஒளிந்திருப்பது எது? ஒவ்வொரு குணத்துக்கும் தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றுமாக இரண்டு ஜீன்கள் குட்டிக்குக் கிடைக்கின்றன. நிறத்தைத் தருவது ஒன்றிருந்தாலும் அது மேலோங்கி நிற்கும். வெளுப்பைத் தருவது அதன் கீழ் ஒடுங்கிக் கிடக்கும். ஒடுங்கியது இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்தால்தான் வெள்ளைக் குட்டி. அதாவது தாய் பாதி, தகப்பன் பாதி. தகப்பன் பங்கில்லாமல் அந்தக் குட்டி பிறந்திருக்கவே முடியாது. நம் வீட்டில் பழி முழுவதையும் தாய் தலையில் கட்டுகிறார்களே, இந்தக் கணக்கு எந்த மனுநீதியில் இருக்கிறது?

இதைக் கண்டுபிடித்த மெண்டல் ஒரு பாதிரியார். ஆனால் அவர் ஜெபம் பண்ணித் தெரிந்து கொள்ளவில்லை. பட்டாணியை விதைத்து எண்ணித் தெரிந்து கொண்டார். ஒரு பரீட்சையில் 7324 விதைகளை எண்ணினார். உருண்டை 5474, சுருங்கியது 1850. மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கு அதிலிருந்து கிடைத்தது. 1866-ல் அச்சான அந்த ஆராய்ச்சியை உலகம் 1900-ல்தான் திரும்பிப் பார்த்தது. பிறகு ஹார்வர்டு சர்வகலாசாலையின் காஸில் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய கூட்டாளிகளும் முயல்களிலேயே பாரம்பரியத்தைச் சோதித்து 1909-ல் வெளியிட்டார்கள்.

சரி, ஒரு கறுப்பு முயலுக்குள் வெள்ளை ஒளிந்திருக்கிறதா என்பதை எப்படித் தெரிந்து கொள்ளுவது? அதன் முகத்தைப் பார்த்துத் தெரியாது; நக்ஷத்திரத்தைப் பார்த்தும் தெரியாது. அதை ஒரு சிவந்த கண் வெள்ளை முயலோடு சேர்க்க வேண்டும். ஒரு மாதத்தில் குட்டி போடும். வெள்ளை முயலிடத்தில் கொடுப்பதற்கு வெளுப்பைத் தவிர வேறில்லை. ஆதலால் கறுப்பு முயல் ஒளித்து வைத்திருந்தால், ஒவ்வொரு குட்டியும் வெள்ளையாயிருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. ஒரே ஒரு வெள்ளைக் குட்டி பிறந்தாலும் போதும், ஒளிந்திருந்தது ருஜுவாகிவிட்டது.

ஒன்றும் பிறக்காவிட்டால்? இங்கேதான் அறிவுக்காரனுடைய யோக்கியதையைப் பார்க்க வேண்டும். ஐந்து குட்டியும் நிறமாயிருந்தால், ஒளித்து வைத்திருக்கும் முயல் தப்பித்துக் கொள்ள இன்னும் 32-ல் ஒரு வாய்ப்பு உண்டு என்கிறான். ஏழு குட்டியானால் 128-ல் ஒன்று. பத்தானால் 1024-ல் ஒன்று. எத்தனை குட்டி போட்டாலும் "அடியோடு இல்லை" என்று அவன் சத்தியம் பண்ணுவதில்லை. எண்ணிப் பார்த்தவன் இவ்வளவு அடக்கமாகப் பேசுகிறான்; ஒன்றையும் எண்ணாதவனோ ஏழு ஜென்மத்துக்கும் கணக்குச் சொல்லுகிறான்!

நம் ஜோசியரும் கலியாணத்தில் யோனிப் பொருத்தம் என்று குதிரை, யானை, பாம்பு, நாய், பூனை, எலி என்று மிருகங்களைக் கூட்டி வைத்திருக்கிறார். ஆனால் அதில் ஒரு மிருகத்தையாவது நிஜமாக ஜோடி சேர்த்துக் குட்டியை எண்ணிப் பார்த்தாரா என்று கேட்கிறோம்.

இன்னொரு வழியும் முயல்காரனுக்கு உண்டு. இன்ன குறை ஒளிந்திருக்கிறது என்று தெரியாதபோது ஆண் முயலை அதன் மகள்களோடேயே சேர்ப்பான். ஒரே மூலத்திலிருந்து வந்த ஒடுங்கிய ஜீன்கள் அங்கே ஜோடி சேர்ந்து குறையை வெளியே தள்ளிவிடும். குறையை வெளிப்படுத்துவதற்கென்றே அவன் கையாளும் தந்திரம் இது. நாமோ "உரிமை", "முறை" என்று சொல்லித் தாய்மாமனுக்கு அக்காள் மகளைக் கட்டி வைக்கிறோம். மாமனுக்கும் மருமகளுக்கும் ஜீன்களில் நாலில் ஒரு பங்கு பொது. மாமன் மகன் அத்தை மகளுக்கு எட்டில் ஒரு பங்கு. அப்படிக் கட்டிய எல்லோருக்கும் குறை வந்துவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. சொத்து வெளியே போகக் கூடாதென்று சூதாடிவிட்டு, தோற்றபோது விதியின் மேல் பழி போடாதீர்கள் என்கிறோம்.

"அப்படியானால் எங்கள் குலம் சுத்தம், கலப்பில்லாத ரத்தம்" என்று மார் தட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பதினாயிரத்தில் ஒருவருக்கு வெளியே தெரிகிற ஓர் ஒடுங்கிய குறையை, சொந்தம் பாராமல் கலந்து மணக்கும் ஜனங்களில், ஏறக்குறைய ஐம்பதில் ஒருவர் உள்ளே சுமந்து கொண்டிருப்பார். தனக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் குலமோ தன் ஒளிந்த குறைகளைத் தானே ஜோடி சேர்த்துக் கொள்ளுகிறது. சுத்தத்துக்கு இதுதானா அழகு?

இதைக் கேட்டுவிட்டு, "குறையுள்ளவர்களைப் பிள்ளை பெறவிடாமல் செய்துவிட்டால் என்ன?" என்று யாராவது கிளம்பினால் அவர்களும் நம் எதிரிகளே. ஜெர்மனியில் நாஜிகள் 1933-ல் அதற்கே சட்டம் போட்டு, லக்ஷக்கணக்கானவர்களைப் பலாத்காரமாக மலடாக்கினார்கள். அது அக்கிரமம் மாத்திரமல்ல, கணக்குத் தெரியாத மூடத்தனமுமாகும். ஒடுங்கிய ஜீனில் பெரும் பகுதி ஒரு குறையும் தெரியாதவர்களிடத்திலேயே இருக்கிறது. மனிதன் கூண்டு முயலல்ல. அவனைச் சோதனைக்குச் சேர்க்கவும் ஒதுக்கவும் எவனுக்கும் அதிகாரமில்லை.

ஆகவே தோழர்களே! உங்கள் ஊரில் அப்படி ஒரு குழந்தை பிறந்தால் பரிகாரத்துக்குப் பணம் தேடாதீர்கள். அது தொற்று நோயல்ல. கண் டாக்டரிடம் காட்டுங்கள்; வெயிலுக்குத் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் போடுங்கள்; பார்வை மங்கலாயிருக்குமாதலால் பள்ளிக்கூடத்தில் முன் பெஞ்சியில் உட்கார வையுங்கள். அந்தத் தாயைப் பார்த்து எவனாவது நாக்கை நீட்டினால், "பாதி தகப்பனிடமிருந்து வந்தது, போய் முயல்காரனைக் கேள்" என்று சொல்லுங்கள். முயலுக்குக் கிடைக்கிற நியாயமாவது நம் பெண்களுக்குக் கிடைக்க வேண்டாமா?