கல்லும் நீரும்

எறும்பூரக் கல்லும் தேயும் என்பது நம் முதுமொழி. எறும்பூரவே கல் தேயுமாயின், ஆறொன்று இடையறாது பாய்ந்தால் என்னாகும்? இதனை அறிய விரும்புவோர் ஹற்றனிலிருந்து நுவரெலியா செல்லும் வீதியிலே, தலவாக்கலைக்கு அண்மையிலுள்ள கொத்மலை ஓயாவின் பள்ளத்தாக்கைக் காணல் வேண்டும். மாணவர் சிலருடன் நாமும் அங்கு சென்று வந்தோம்.

97 மீற்றர் உயரத்திலிருந்து டெவோன் அருவி ஒடுங்கி வீழ்கிறது. சற்றுத் தொலைவில், இலங்கையில் மிக அகன்றதெனப் பெயர்பெற்ற சென் கிளேயர் அருவி படிப்படியான கரும்பாறைகள்மீது பரந்து இறங்குகிறது. புகையிரதத்திற் செல்வோரும் இவ்விரண்டையும் காணலாம்.

அருவியைக் கண்டு வியப்போர் பலர். அதனைத் தாங்கும் பாறையை நோக்குவோர் சிலரே. மலையகப் பாறைகள் ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், நிலத்தின் ஆழத்திலே வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. அக்காலத்தில் இலங்கையும் தென்னிந்தியாவும் கோண்டுவானா என்னும் பெருங்கண்டத்தில் அடுத்தடுத்து இருந்தன. 1893 இல் தோமஸ் ஹொலண்ட் என்பார் பெயரிட்ட சார்னொக்கைற்று என்னும் கல்வகை, சென்னைப் பரங்கிமலையிலும் உண்டு; நம் மலைகளிலும் உண்டு. தமிழகத்திலிருந்து வந்து இங்கே தோட்டங்களை உருவாக்கிய முன்னோர், தம் ஊர்க் கல்லின் உறவையே இங்கும் மிதித்தனர்!

இத்துணைப் பழைய கல்லை அரித்துப் பள்ளத்தாக்காக்கியது ஆறு. ஆனால் மேல் கொத்மலைத் திட்டம் 2012 இல் தொழிற்படத் தொடங்கியபின், தலவாக்கலை அணையிலே மறிக்கப்படும் நீரின் பெரும்பகுதி ஏறக்குறைய 13 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே செல்கிறது. அதனாற் பெறத்தக்க மின்வலு 150 மெகாவாற்று. அருவியின் அழகு முற்றும் அழியாதிருக்கும்பொருட்டுப் பகலிலே ஓரளவு நீர் விடும் ஏற்பாடும் உண்டு.

"ஐயா, நீர் குறைந்தால் கல் தேய்வதும் குறையுமா?" என்று ஒரு மாணவி வினவினாள். குறையும் என்றோம். நீரும் அது உருட்டிவரும் மணலுமே கல்லை அரிக்கும் உளிகள். எண்ணற்ற ஆண்டுகளாக நடந்த வேலையை நம் தலைமுறையின் தேவை தளர்த்திவிட்டது.

மின்சாரம் வேண்டாமென்று கூறுவார் யார்? இரவிலே பிள்ளைகள் படிப்பதும் அவ்வொளியிலன்றோ! எனினும் எதனைக் கொடுத்து எதனைப் பெற்றோம் என்பதை அப்பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும். பெற்றோர் அவர்களை ஒருமுறை அங்கு அழைத்துச் செல்வாராக. மழைக்காலத்திற் சென்றால் அருவி நிறைந்திருக்கும். பாறைகள் வழுக்குமாதலின் வீதியோரத்தில் நின்றே காண்க. விளக்கை வீணே எரியவிடும் கை, அதன்பின் சிறிது தயங்கக்கூடும்.