குழாயடியும் கோர்ட்டும்

குழாயடியில் குடத்தோடு குடம் இடித்துச் சண்டை வந்தால் யாராவது வக்கீலைத் தேடி ஓடுகிறோமா? எதிர்வீட்டுப் பாட்டி வந்து இருவரையும் நாலு வார்த்தை அதட்டுவாள், அதோடு சரி. நாளைக் காலையிலும் அதே குழாயடியில்தானே இருவரும் நிற்க வேண்டும்!

அரசாங்கமே இல்லாத சமூகங்களும் இப்படித்தான் வழக்குத் தீர்த்தன. தெற்கு சூடானில் நூவர் என்ற மக்களிடையே 1930-களில் தங்கி ஆராய்ந்தார் இவான்ஸ் பிரிட்சார்டு. அங்கே கொலை செய்தவன், சிறுத்தைத் தோல் போர்த்த ஒரு பூசாரியின் குடிசையில் தஞ்சம் புகுவானாம். பூசாரியிடம் போலீஸும் இல்லை, சிறையும் இல்லை. இரு குடும்பங்களுக்கும் நடுவே நடையாய் நடந்து, இத்தனை மாடு நஷ்டஈடு என்று ராஜி செய்து வைப்பார். மேற்கொண்டு பழிவாங்கல் வளரக் கூடாது என்பதே அவர் கவலை.

நம் முத்துக்குளித்துறையிலும் அப்படித்தான். திருச்செந்தூருக்குத் தெற்கே உள்ள ஆலந்தலை போன்ற பரதவர் ஊர்களில், ராஜா எங்கோ தூரத்தில் இருந்த காலத்தில், சச்சரவு தீர்த்தவர்கள் பட்டங்கட்டிகள் என்னும் ஊர்த் தலைவர்கள். ஆனால் 1530-களில் பரதவருக்கும் முஸ்லிம் வணிகருக்கும் பெரும் மோதல் மூண்டது. காதணியைப் பறித்ததில் ஒரு காது அறுந்ததே ஆரம்பம் என்பது கர்ணபரம்பரைக் கதை. இரு தரப்புக்கும் பொதுவான பாட்டி ஒருத்தி இல்லையே! 1535-ல் பட்டங்கட்டிகள் கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுகீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். பாதுகாப்பு கிடைத்தது, ஞானஸ்நானம் பெற்றார்கள், முத்துக்குளிப்பின் மேல் போர்ச்சுகீசியர் பிடியும் இறுகியது. 1544-ல் சவேரியார் இந்தக் கரையிலிருந்து எழுதிய கடிதங்களில், காக்க வந்த காப்டன் மீதே புகார் இருக்கிறது!

அப்படியானால் கோர்ட்டே வேண்டாம், பாட்டியே போதுமா? அதுவும் சரியல்ல, சகோதரிகளே. ஊர்ச் சபைகளில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். புகுந்த வீட்டில் அடிபட்ட பெண்ணிடம், "அனுசரித்துப் போம்மா" என்று சொல்லிச் சபை கலைந்துவிட்டால், சமாதானத்தின் விலையை அவள் ஒருத்தியல்லவா கொடுக்கிறாள்?

1987-ம் ஆண்டுச் சட்டப்படி நடக்கும் லோக் அதாலத்தில் ஒரு நல்ல அம்சம் உண்டு. இரு தரப்பும் சம்மதித்தால் ராஜி. சம்மதிக்காவிட்டால், கோர்ட்டிலிருந்து வந்த வழக்கு மறுபடி கோர்ட்டுக்கே போகும்.

ஆகவே, ராஜிக்கு அழைப்பவரிடம் ஒன்று கேளுங்கள்: "நான் மாட்டேன் என்றால் எனக்கு வேறு வாசல் உண்டா?" உண்டு என்றால், தைரியமாகப் பாட்டியின் திண்ணையில் போய் உட்காரலாம்.