நடுவில் எஃகு, இருபுறமும் இரும்பு

சமையலறையில் இரண்டு வகைக் கத்திகளைப் பார்க்கலாம். ஒன்று, தக்காளித் தோலில் வழுக்கிக்கொண்டு போகிற மொண்ணைக் கத்தி. எத்தனை முறை தீட்டினாலும் நான்கே நாளில் பழைய நிலைக்கு வந்துவிடும். இன்னொன்று, வாங்கிய புதிதில் பிளேடு மாதிரி வெட்டும். ஒருநாள் எலும்பிலோ தேங்காய் ஓட்டிலோ பட்டால் விளிம்பில் பல் விழுந்துவிடும்.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். இரும்பில் கார்பன் குறைவாக இருந்தால் அது மென்மையாக இருக்கும். வளையும், ஆனால் உடையாது. கூர்மையும் நிற்காது. சுமார் ஒரு சதவிகிதம் கார்பன் சேர்ந்து, சரியாகச் சூடாக்கிக் குளிர்வித்தால் அதே உலோகம் கண்ணாடியைக் கீறும் அளவுக்குக் கடினமாகும். கூர்மை நிற்கும். கூடவே கண்ணாடியைப் போல உடையும் குணமும் வந்து சேரும்.

கூர்மையும் வேண்டும், உடையவும் கூடாது என்றால் என்ன செய்வது? உலகின் பல மூலைகளில் கொல்லர்கள் கண்ட வழி எளிமையானது. விளிம்பில் மட்டும் கடின எஃகு இருந்தால் போதும், மற்ற இடமெல்லாம் மென்மையான இரும்பாக இருக்கட்டும். அந்தக் காலத்தில் எஃகு விலை உயர்ந்த பொருள். அதைச் சிக்கனமாகப் பயன்படுத்தவும் இது உதவியது. கோடரி, உளி, கத்தி எல்லாவற்றிலும் இந்த வேலைப்பாடு உண்டு. இதைச் சமையலறைக்குள் கொண்டுவந்து, இன்றுவரை விடாமல் செய்துவருகிறவர்கள் ஜப்பானியர்கள்.

வாளில் இருந்து காய்கறிக்கு

ஜப்பானின் ஒசாகாவை ஒட்டிய ஊர் சகாய். 16-ம் நூற்றாண்டில் புகையிலை அந்த நாட்டுக்கு வந்தபோது, அதன் இலையை மெல்லிசாக நறுக்க நல்ல கத்தி தேவைப்பட்டது. சகாய் கொல்லர்கள் அதைச் செய்து பெயர் வாங்கினார்கள். பிற்பாடு ஷோகன் அரசு அந்தக் கத்திகளுக்குத் தர முத்திரையே கொடுத்தது. இன்றும் சகாயில் ஒரு கத்தி ஒரே கையில் உருவாவதில்லை. அடித்து உருவாக்குபவர் ஒருவர், சாணை பிடித்துக் கூர்மை ஏற்றுபவர் ஒருவர், பிடி போடுபவர் இன்னொருவர்.

1876-ல் ஜப்பான் அரசு பொது இடங்களில் வாள் அணிவதைத் தடை செய்தது. வாள் செய்துவந்த கொல்லர்களில் பலர் சமையல் கத்திக்கும் விவசாயக் கருவிகளுக்கும் மாறினார்கள். எஃகையும் இரும்பையும் இணைக்கும் கைத்திறன் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது.

அவர்கள் கணக்கில் கடின எஃகுக்கு ‘ஹகானே’ என்று பெயர். மென்மையான இரும்பு ‘ஜிகானே’. மீன் சீவும் கத்திகளில் ஒரு பக்கம் எஃகு, மறுபக்கம் இரும்பு என இரண்டு அடுக்கு. காய்கறி நறுக்கும் கத்திகளில் நடுவில் எஃகு, இருபுறமும் இரும்பு. இந்த மூன்று அடுக்குக்கு ‘சான்மாய்’ என்று பெயர். மூன்று தகடுகள் என்பதுதான் பொருள்.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. கடினமான எஃகைத் தீட்டுவது பெரும்பாடு. ஆனால் மூன்றடுக்குக் கத்தியில் தீட்டுக்கல்லில் தேய்வதில் பெரும்பகுதி மென்மையான இரும்புதான். எஃகு நடுவில் மெல்லிய கோடாக மட்டும் இருக்கும். அதனால் சீக்கிரம் கூர்மை ஏறும்.

வீட்டுக் கொல்லைப்புறத்தில்

இந்தக் கத்தியை வீட்டிலேயே அடித்துச் செய்கிறவர்கள் இன்று பல நாடுகளில் இருக்கிறார்கள். அலுவலக வேலை முடிந்து, கார் ஷெட்டில் சின்ன கேஸ் உலை மூட்டி, சனி ஞாயிறுகளில் சுத்தியல் பிடிப்பவர்கள். கத்தி வாங்கக் காசில்லாமல் அவர்கள் இதைச் செய்வதில்லை. கையால் ஒரு பொருளை முழுமையாகச் செய்துபார்க்கும் ஆசைதான் காரணம். ஆனால் ஆசை மட்டும் போதாது. மூன்றடுக்குக் கத்தி மூன்று இடங்களில் கெட்டுப்போகும். மூன்றையும் தாண்டினால்தான் அது கத்தி.

முதல் இடம், ஒட்டும் கட்டம். தகடுகளைப் பசையால் ஒட்டுவதில்லை. பற்றவைத்து உருக்குவதும் இல்லை. நன்றாகச் சுத்தம் செய்த இரும்பும் இரும்பும், போதுமான சூட்டில், அழுத்தத்தில் தொட்டால் தாமாகவே ஒன்றாகிவிடும். ‘சுத்தம்’ என்பதில்தான் சிக்கல். சூடான இரும்பின் மேல் காற்று பட்டவுடன் கருமையான செதில் படியும். அந்தச் செதில் நடுவில் மாட்டிக்கொண்டால் ஒட்டு பிடிக்காது.

அதனால் தகடுகளின் முகத்தைப் பளபளவென்று தேய்த்து, அடுக்கி, வெங்காரம் தூவுவார்கள். நகை ஆசாரியின் பட்டறையில் பொடி வைத்து ஊதும்போது பயன்படும் அதே வெங்காரம்தான். சுமார் 740 டிகிரி செல்சியஸில் அது உருகித் தேன் போல ஓடி, காற்றுப் படாமல் மூடி, செதிலையும் கரைத்துவிடும். சகாய் கொல்லர்கள் வெங்காரத்தோடு இரும்புப் பொடியும் கலப்பதுண்டு. வீட்டில் செய்பவர்கள் பலர் தகடுகளின் ஓரத்தை எலெக்ட்ரிக் வெல்டிங்கில் மூடிவிட்டு, பிறகு உலையில் வைப்பார்கள்.

சூடு 1,000 டிகிரியைத் தாண்ட வேண்டும். இரும்பு சிவப்பு மாறி, ஆரஞ்சு மாறி, மஞ்சளாகும். மேல்பரப்பு நெய் தடவியது போல ஈரமாக மினுங்கும். அப்போது வெளியே எடுத்து முதல் அடி. அந்த அடி பலமாக இருக்கக் கூடாது. வேகமாக அடித்தால் தகடுகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிவிடும். தட்டிக்கொடுப்பது போல, நுனியிலிருந்து நுனிவரை வரிசையாகத் தட்ட வேண்டும். உருகிய வெங்காரம் நடுவிலிருந்து பீய்ச்சி அடிக்கும். முகக் கவசமும் தோல் ஏப்ரனும் இல்லாமல் எதிரே நிற்கவே கூடாது.

ஒட்டு பிடித்ததா என்று வெளியிலிருந்து எளிதில் தெரியாது. அனுபவம் உள்ளவர்கள் ஆறும்போது நிறத்தைப் பார்ப்பார்கள். ஒட்டாத இடத்தின் மேல் தகடு தனியாகச் சூடிழந்து, மற்ற இடத்தைவிட முன்னதாகக் கறுத்து, நிழல் போலத் தெரியும்.

போளியும் பூரணமும்

இரண்டாவது இடத்தைப் புரிந்துகொள்ள போளி தட்டிப் பார்த்தவர்களுக்குச் சிரமமே இருக்காது. மாவுக்குள் பூரணம் வைத்துத் தட்டும்போது ஒரு பக்கமே அழுத்தினால் என்ன ஆகும்? பூரணம் ஒரு பக்கமாக ஒதுங்கி, மாவைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். கத்தியிலும் அதேதான். ஒரு பக்கம் பத்து அடி, மறுபக்கம் ஐந்து அடி என்று அடித்தால், நடுவில் இருக்க வேண்டிய எஃகு ஒரு பக்கமாக விலகிவிடும்.

இது அடிக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. கத்தியை வடிவத்துக்குக் கொண்டுவந்து, சாணையில் விளிம்பு எடுக்கும்போதுதான் தெரியும். விளிம்பில் எஃகு இருக்க வேண்டிய இடத்தில் இரும்பு இருக்கும். பார்வைக்கு அழகான கத்தி, ஆனால் கூர்மை நிற்காது. இரண்டு நாள் வேலை வீண். அதற்கு மருந்தும் கிடையாது. அதனால்தான் இரண்டு பக்கமும் எண்ணி எண்ணி அடிக்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு இழப்பும் உண்டு. அதிகச் சூட்டில் கார்பன் ஓரிடத்தில் நிற்காது. எஃகிலிருந்து நகர்ந்து பக்கத்து இரும்புக்குள் போகும். நீண்ட நேரம், திரும்பத் திரும்ப மஞ்சள் சூட்டில் வைத்தால் நடு எஃகு கார்பனை இழந்து சோடையாகிவிடும். அதன் உள் மணிகளும் பருத்து, எளிதில் உடையும் பதத்துக்கு வரும். ஒட்டுவதற்கு அதிகச் சூடு வேண்டும். ஒட்டியபின் குறைந்த சூட்டில், குறைந்த தடவைகளில் வேலையை முடிக்க வேண்டும். பட்டறையில் ஆயுள் முழுக்கக் கற்றுக்கொள்வது இந்த அளவைத்தான்.

ஜப்பானின் எச்சிசென் பகுதிக் கொல்லர்களிடம் ஒரு தந்திரம் உண்டு. இரண்டு கத்திகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து ஒரே நேரத்தில் அடித்து மெலிதாக்குவார்கள். தனியாக அடித்தால் மெல்லிய தகடு சட்டென்று ஆறிவிடும். இரண்டு சேர்ந்தால் சூடு நிற்கும். மறுபடி மறுபடி உலையில் வைக்கும் வேலை குறையும்.

ஒரு நொடித் தேர்வு

மூன்றாவது இடம் தோய்ச்சல். இதுவரை செய்த கத்தி வெறும் வடிவம்தான். கடினம் வருவது இங்கேதான்.

கத்தியை மறுபடி சீராகச் சூடாக்க வேண்டும். காந்தம் ஒட்டாத நிலை வந்தால் சூடு சுமார் 770 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று பொருள். அதற்கு மேல் கொஞ்சம், 800 டிகிரி அளவில், எடுத்துச் சட்டென்று எண்ணெயிலோ தண்ணீரிலோ அமிழ்த்துவார்கள். எஃகு ஓரிரு நொடிக்குள் பாதிச் சூட்டுக்குக் கீழே இறங்க வேண்டும். தாமதித்தால் கடினம் வராது. தண்ணீர் அதிக வேகத்தில் குளிர்விக்கும், விரிசல் விடும் அபாயமும் அதிகம். எண்ணெய் கொஞ்சம் மெதுவானது, பாதுகாப்பானது. ஜப்பானியக் கொல்லர்கள் கத்தியில் மெல்லிசாக மண் பூசித் தண்ணீரில் தோய்ப்பதுண்டு. அந்தப் பூச்சு நீராவிக் குமிழ் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்து, எல்லா இடமும் சீராகக் குளிர உதவும்.

அந்த நேரத்தில் பட்டறையில் யாரும் பேசமாட்டார்கள். ‘டிங்’ என்று மெல்லிய ஒலி கேட்டால் எஃகு விரிந்துவிட்டது. ஒலி இல்லையென்றால், அரத்தை எடுத்து விளிம்பில் தேய்த்துப் பார்ப்பார்கள். அரம் கடிக்காமல் வழுக்கிக்கொண்டு போனால் தோய்ச்சல் பிடித்தது.

கத்தி லேசாகக் கோணியிருந்தால்? முழு எஃகுக் கத்தியாக இருந்தால் தட்டி நிமிர்த்தும்போது உடைந்துவிடலாம். மூன்றடுக்கில் இருபுறமும் இரும்பு கடினமாகாமல் இருப்பதால், மெதுவாகத் தட்டி நிமிர்த்த இடம் உண்டு. நடுவில் இருக்கும் முரடனை இரண்டு பக்கமும் நிதானமானவர்கள் பிடித்துக்கொண்டிருப்பது போலத்தான்.

தோய்த்ததும் அப்படியே விடக் கூடாது. 180 முதல் 200 டிகிரி வரை, கேக் சுடும் அவனிலேயே இரண்டு மணி நேரம் வைத்து எடுப்பார்கள். கடினம் கொஞ்சம் குறைந்து, உடையும் குணம் நிறையவே குறையும். கடைசியில் சாணை, தீட்டுக்கல், மரப் பிடி.

ஆசைப்படுபவர்களுக்கு

வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படுபவர்கள் கத்தியைவிட முதலில் காற்றைப் பற்றி யோசிக்க வேண்டும். உலையிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அறையில் உலை மூட்டவே கூடாது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. இரும்பை உலையில் போட்டால் வரும் வெள்ளைப் புகை காய்ச்சலையும் மூச்சுத் திணறலையும் கொண்டுவரும். சூடான இரும்பை எண்ணெயில் பாதி அமிழ்த்தித் தயங்கினால் எண்ணெய் தீப்பிடிக்கும். பக்கத்திலேயே இறுக்கமான உலோக மூடி இருக்க வேண்டும். அந்தத் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. அனுபவமுள்ள ஒருவரின் பட்டறையில் கூட நின்று பார்த்துவிட்டுத் தொடங்குவதே நல்லது.

வாங்குபவர்களுக்கு

ஆன்லைனில் அலை அலையாகக் கோடு போட்ட கத்திகள் ‘டமாஸ்கஸ்’ என்ற பெயரில் வருகின்றன. அந்தப் பெயர் பழைய டமாஸ்கஸ் வாள்களிலிருந்து வந்தது. தென்னிந்தியாவில் மூசையில் உருக்கி எடுத்த ‘உட்ஸ்’ எஃகுக்கும் அந்த வாள்களுக்கும் தொடர்பு உண்டு. அதன் கோடுகள் அடுக்கி ஒட்டியதால் வந்தவை அல்ல, எஃகு உறையும்போது உள்ளேயே உருவானவை. இன்றைய கத்தியில் இருப்பது பல அடுக்குத் தகடு. சில மலிவுக் கத்திகளில் அதுவும் இல்லை, மேலே அச்சிட்ட கோலம் மட்டுமே.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கத்தியின் முதுகையும், பிடிக்குப் பக்கத்தில் விளிம்பு முடியும் இடத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். உண்மையான அடுக்கு என்றால் கோடு அங்கேயும் தொடரும். அச்சென்றால் பக்கவாட்டோடு நின்றுவிடும்.

கார்பன் எஃகுக் கத்தி வாங்கினால், எலுமிச்சை நறுக்கிய கையோடு கழுவித் துடைத்துவிடுங்கள். ஈரத்தோடு விட்டால் துரு பிடிக்கும். எலும்பு, தேங்காய், உறைந்த இறைச்சி மூன்றுக்கும் வேறு கத்தி வைத்துக்கொள்ளுங்கள். நாளாக ஆக எஃகு கறுக்கும். அது துரு அல்ல, பயப்பட வேண்டாம். தீட்டத் தீட்டக் கத்தி சிறுக்கும். ஆனால் நடுவில் எஃகு சரியாக நின்ற கத்தி என்றால், சிறுத்து விரல் அகலம் ஆகும் நாள்வரை விளிம்பில் எஃகுதான் இருக்கும்.