ஐம்பதிலும் வளையலாம்

இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில் அம்மையார் ஒருவர் தம் கணவருடன் எமது இல்லத்துக்கு வந்திருந்தார். அவர்தம் மூத்த மகன் முன்னர் எம்மிடம் பயின்றவன். அம்மையாருக்கு வயது நாற்பத்தேழு. அரசாங்கக் கந்தோர் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக எழுதுவினைஞராகப் பணியாற்றி வருகின்றார். தேநீர் அருந்தி முடிந்ததும் சற்றுத் தயங்கி, “மாஸ்ரர், நான் உத்தியோகத்தை விட்டுவிட்டு யோகாசன வகுப்பு ஒன்று நடத்தலாம் என்று யோசிக்கிறேன். இவர் வேண்டாம் என்கிறார். நீங்கள்தான் நியாயம் சொல்ல வேண்டும்” என்றார்.

கணவர் சிரித்தார், ஆயினும் அச் சிரிப்பிற் கவலையே மிகுந்திருந்தது. “ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா, மாஸ்ரர்? இளையவள் இன்னும் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். மாதச் சம்பளத்தை விட்டுப் பாய் விரித்து என்னத்தைக் கண்டுவிடப் போகிறோம்?” என்றார்.

நாம் உடனே விடை கூறவில்லை. அதே பழமொழியை நாமும் ஒருமுறை ஒருவருக்குக் கூறியிருக்கின்றோம். பத்து ஆண்டுகளுக்கு முன், எம்முடன் கற்பித்த மூத்த நண்பர் ஒருவர், ஆசிரியத் தொழிலை விட்டுத் தந்தையார் வழிவந்த சித்த வைத்தியத்தை முறையாகக் கற்க விரும்புவதாக எம்மிடம் சொன்னார். நாம் விளையாட்டாக இப் பழமொழியைச் சொன்னோம். அவரும் சிரித்தார், பின்னர் அப் பேச்சை அவர் எடுத்ததேயில்லை. சென்ற ஆண்டு அவர் காலமானார். தந்தையாரின் வாகட ஏடுகள் அவரது அலுமாரியிற் கட்டவிழ்க்கப்படாமலே இருந்தன. அவற்றை யாரிடம் கொடுப்பது என்று அவர் மனைவியார் எம்மிடமே கேட்டார். அன்றுமுதல் அப் பழமொழி எம் நாவில் எளிதாக வருவதில்லை.

ஆதலின், வந்த இருவருக்கும் பழமொழிக்குப் பதிலாக ஒரு வரலாற்றைக் கூறினோம். அதனை எமது வாசகர்களும் அறிதல் நன்று.

இந்திரா தேவி என்று உலகம் அறிந்த பெண்மணி பிறப்பால் இந்தியர் அல்லர். 1899ஆம் ஆண்டு, அக்காலத்தில் ருஷ்யப் பேரரசுக்கு உட்பட்டிருந்த ரீகா நகரிற் பிறந்தவர். இயற்பெயர் யூஜீனி பீற்றர்சன். தாயார் ஒரு நடிகை. ருஷ்யப் புரட்சியின் பின் தாயும் மகளும் நாடு நீங்கிப் பேர்லின் நகரை அடைந்தனர். அங்கே மகளும் நாடகக் குழு ஒன்றிற் சேர்ந்து நடித்தும் ஆடியும் பிழைத்தார். 1927இல் முதன்முறையாக இந்தியாவுக்கு வந்தார். 1930இல் அங்கே ஒரு திரைப்படத்தில் நடித்தார். இந்திரா தேவி என்பது அப்போது அவர் பூண்ட கலைப்பெயரே. பின்னர் பம்பாயிற் பணிபுரிந்த செக்கோசிலோவாக்கிய தூதரக உத்தியோகத்தர் ஒருவரை மணந்தார். விருந்தும் வேடிக்கையுமாக நாட்கள் கழிந்தன. ஆனால், உடல் நலம் குன்றியது. சில ஆண்டுகள் இதய நோயால் வருந்தினார்.

நாற்பது வயதை நெருங்கிய வேளையில் அவர் மைசூரை நாடினார். அங்கே, நான்காம் கிருஷ்ணராஜ உடையார் என்னும் மகாராஜாவின் ஆதரவில், அரண்மனையைச் சார்ந்த யோகசாலை ஒன்று நடைபெற்றது. அதன் ஆசிரியர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். வந்தவர் பெண், அதிலும் அயல்நாட்டவர். ஆசிரியர் முதலில் மறுத்துவிட்டார். மகாராஜாவே பரிந்துரைத்த பின்னர்தான் சேர்த்துக்கொண்டார். சேர்த்த பின்னும் சலுகை காட்டினார் அல்லர்; கடுமையான உணவுக் கட்டுப்பாட்டையும் நேர ஒழுங்கையும் விதித்தார். மேடையிற் பலர் கைதட்டக் கண்டவர், தூதரக விருந்துகளில் முன்வரிசையில் அமர்ந்தவர், இங்கே ஒரு கடைசி மாணவியாக அமர்ந்து பணிந்து கற்றார்.

அவர் கணவருக்குச் சீனாவுக்கு மாற்றம் வந்தது. அப்போதுதான் ஆசிரியர், கற்றதைப் பிறருக்குக் கற்பிக்குமாறு அவருக்குக் கட்டளையிட்டார். 1939இல் ஷங்காய் நகரில், சியாங் கை ஷேக்கின் துணைவியாருக்கு உரிய இல்லத்தில், அவரது முதல் வகுப்பு தொடங்கிற்று. 1946இல் கணவர் இறந்தார். அடுத்த ஆண்டு அவர் தனியராக அமெரிக்கா சென்று ஹொலிவூட்டில் யோக நிலையம் ஒன்றை நிறுவினார். கிரேற்றா கார்போ, குளோரியா சுவான்சன் முதலிய புகழ்பெற்ற நடிகையர் அவரிடம் பயின்றனர். 1961இல் மெக்சிக்கோவுக்கும், எண்பது வயதைக் கடந்தபின் ஆர்ஜென்ரீனாவுக்கும் குடிபெயர்ந்தார். 2002ஆம் ஆண்டு, 102ஆம் வயதில், புவனோஸ் அயர்ஸ் நகரில் மறைந்தார். அவர் யோகம் கற்பித்த ஆண்டுகள் அறுபதுக்கும் மேற்பட்டவை. அவை யாவும் நாற்பதை ஒட்டித் தொடங்கியவை!

அவர்தம் ஆசிரியரின் கதையும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. கிருஷ்ணமாச்சாரியார் வடமொழிச் சாத்திரங்களில் ஆழ்ந்த புலமை உடையவர். யோகம் சோறு போடாத இளமைக்காலத்தில் அவர் கோப்பித் தோட்டம் ஒன்றில் வேலை பார்த்துக் குடும்பத்தைக் காத்தார். பின்னர் அரண்மனை ஆதரவு கிட்டியது. ஆனால், இந்தியா சுதந்திரம் பெற்றபின் அவ்வாதரவு அற்றுப்போக, 1950இல் யோகசாலை மூடப்பட்டது. அப்போது அவர் அறுபது வயதைக் கடந்தவர். சாலை போயிற்று என்று அவர் ஓய்ந்துவிடவில்லை. சென்னைக்குக் குடிபெயர்ந்து, வந்தவர்க்கு வந்தவாறு கற்பித்தார். 1989இல் அவர் மறைந்தபோது வயது நூறு.

இவ் வரலாற்றைக் கேட்டதும் அம்மையாரின் முகம் மலர்ந்தது. கணவரின் முகமோ வாடிற்று. நாம் இருவரையும் சற்றுப் பொறுக்குமாறு வேண்டினோம். ஏனெனில், வரலாற்றை ஒருபக்கம் மட்டும் படித்தல் ஆகாது.

இந்திரா தேவி மைசூரிற் கற்ற காலத்தில் அவருக்குக் கணவரின் சம்பளம் இருந்தது. பிள்ளைகளின் படிப்புச் செலவு அவருக்கு இல்லை. மகாராஜாவின் பரிந்துரையும் பெரியோர் தொடர்பும் இருந்தன. எம்மூரில் மாதச் சம்பளத்தில் அடுப்பு எரியும் இல்லத்துக்கு இவை இல்லை. ஆகவே கணவரின் அச்சம் கோழைத்தனமன்று. அது குடும்பப் பொறுப்பு. அவரைப் பழமைவாதி என்று ஒதுக்குதல் நீதியாகாது.

ஆயினும் அவ் வரலாற்றில், பணம் படைத்தவர்க்கும் இல்லாதவர்க்கும் பொதுவான இரண்டு செய்திகள் உள. முதலாவது, அவர் நிலையம் திறக்குமுன் மாணவியானார். தொழில் மாற விரும்புவோருட் பலர் பெயர்ப்பலகையை முதலில் எழுதுவிக்கின்றனர். பாடத்தைப் பின்னர் தேடுகின்றனர். வாடகைக்கு மண்டபம் எடுப்பது ஒரு நாள் வேலை. நாற்பத்தேழு வயதில் ஒருவர் முன் அமர்ந்து, “எனக்குத் தெரியாது, சொல்லித் தாருங்கள்” என்று கூறுவதுதான் அரிய வேலை. பிறர் உடலைத் தொட்டுத் திருத்தும் தொழிலில் அரைகுறைக் கல்வி தீங்காகவும் முடியும். மூட்டு வலியோடும் இரத்த அழுத்தத்தோடும் வருபவர்க்கு எது தகும், எது தகாது என்று அறியாதவர் பாய் விரித்தல் ஆகாது.

இரண்டாவது, பழைய தொழில் வீணாவதில்லை. பலர் முன் அஞ்சாது நிற்கவும், உடலாற் பேசவும் மேடை அவருக்குக் கற்பித்திருந்தது. அதுவே வகுப்பில் உதவிற்று. இருபது ஆண்டுகள் கந்தோரிற் கணக்கும் கடிதமும் பார்த்தவர்க்கு ஒழுங்கு தெரியும். வருவோரிடம் பொறுமையாகப் பேசத் தெரியும். புதிய தொழிலுக்கு அவையே முதற்பணம்.

ஆதலின் எமது தீர்ப்பு இருவர்க்கும் பாதிப் பாதியாக அமைந்தது. “இப்போது உத்தியோகத்தை விடவேண்டாம், அம்மா; ஆசையையும் விடவேண்டாம். முதலில் நல்ல ஆசிரியர் ஒருவரிடம் இரண்டு ஆண்டுகள் ஒழுங்காகக் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு வீட்டு விறாந்தையில் அயலவர் நாலைந்து பேருக்குச் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். அதற்குள் மகளின் படிப்பும் முடிந்துவிடும். அதன்பின் முடிவு செய்யலாம்” என்றோம். கணவரிடம், “ஐயா, அந்தப் பழமொழியை மட்டும் இந்த வீட்டில் இனிச் சொல்லாதீர்கள்” என்றோம். ஏன் என்று அவர் வினவினார். அலுமாரியில் இருந்த ஏடுகளைப் பற்றிக் கூறினோம். அவர் நெடுநேரம் பேசவில்லை.

அம்மையார் இன்றும் கந்தோருக்குச் செல்கின்றார். ஆனால், சனிக்கிழமைதோறும், தம்மிலும் இருபது வயது இளைய ஆசிரியை ஒருவரிடம் பயில்கின்றார். சென்ற கிழமை சந்தையிற் கண்டபோது, முழங்கால் மடங்க மறுக்கிறதென்றும், அவ்வாசிரியை தம்மைக் கண்டிக்கின்றார் என்றும் சொல்லி மகிழ்ந்தார். ஒருநாள் அவர் நிலையம் திறப்பாரா, இல்லையா என்பதை நாம் அறியோம். திறவாவிடினும் இழப்பில்லை, கேட்காமலே இறந்த ஆசை ஒன்று அவ் வீட்டில் இராது.

மாணவர்களே, உங்கள் தாய் தந்தையர் ஒருநாள் இத்தகைய விருப்பம் ஒன்றைத் தயங்கித் தயங்கிச் சொல்லக்கூடும். சிரித்து விடாதீர்கள். அமர்ந்து கேளுங்கள்.