அது போஸ் கொடுக்க வரலை சாமி!

ஞாயித்துக்கிழமையாவது ஆணி புடுங்காம இருக்கலாம்னு, காலைல அஞ்சு மணிக்கே கேமராவைத் தூக்கிட்டுக் கிளம்பினேன். தாம்பரத்தைத் தாண்டி ஒரு புதர்க்காடு. இடத்தோட பேரைச் சொல்ல மாட்டேன். ஏன்னு கடைசியில புரியும்.

தேடிப் போனது ஆறுமணிக்குருவியை. விடியற நேரத்துலயும் அந்தி சாயுற நேரத்துலயும் குரல் கொடுக்கும், அதான் அந்தப் பேர். இமயமலை அடிவாரத்துலயும் மத்திய இந்தியாவுலயும் குஞ்சு பொரிச்சிட்டு, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வர்ற பறவை. பச்சை, நீலம், சிவப்புன்னு அத்தனை கலர் இருந்தும், புதருக்கடியில சருகைக் கிளறிக்கிட்டு இருந்தா லேசுல கண்ணுல சிக்காது.

நான் போனப்ப ஏற்கெனவே நாலு பேர் இருந்தாங்க. ஆளுக்கொரு பீரங்கி சைஸ் லென்ஸ். ஒருத்தர் கையில ப்ளூடூத் ஸ்பீக்கர். அதுல ஆறுமணிக்குருவியோட குரல், திரும்பத் திரும்ப. குருவி வெளிய வந்துச்சு. கிளைக்குக் கிளை தாவுச்சு. படபடன்னு ஷட்டர் சத்தம். "செம ஷாட் தல!"

அது போஸ் கொடுக்க வரலை சாமி. "எவன்டா என் ஏரியாவுல?"ன்னு சண்டைக்கு வந்துச்சு. புழு பூச்சி பொறுக்க வேண்டிய நேரத்துல, இல்லாத எதிரியைத் தேடி அலையுது. அப்படித் திறந்த இடத்துல வந்து நிக்கிறது, வல்லூறுக்கு இலை போட்டுப் பரிமாறுற மாதிரி.

"ஒரு தடவை போட்டா என்னங்க ஆயிடும்?"னு கேட்டாங்க. உங்களுக்கு ஒரு தடவை. குருவிக்கு? காலைல நீங்க, சாயந்திரம் இன்னொரு க்ரூப், அடுத்த வாரம் வேற நாலு பேர். நம்ம பொழப்பையே எடுத்துக்குங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்துடுச்சுன்னு போன் வருது. அலறியடிச்சு லாகின் பண்ணா எல்லாம் நல்லாத்தான் ஓடுது. தினம் பத்து தடவை இப்படி வந்தா வேலையை விட்டு ஓடிட மாட்டோமா?

"ஆராய்ச்சி பண்றவங்களும்தான் போடுறாங்க"ன்னு அடுத்த வாதம். அவங்க எத்தனை நிமிஷம், எத்தனை தடவைன்னு வரையறை வச்சுக்கிட்டுப் பறவைகளைக் கணக்கெடுக்கப் போடுறாங்க. நாம லைக் வாங்கப் போடுறோம்.

சிவகங்கை மாவட்டத்துல வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கு. அதை ஒட்டியிருக்கற கொள்ளுகுடிப்பட்டி மக்கள், பறவைங்க மிரளும்னு தீபாவளிக்கு வெடி வெடிக்கிறதில்லை. குழந்தைங்க உட்பட. பரம்பரை பரம்பரையா இப்படித்தான். டிகிரி வாங்கி, லட்ச ரூபாய்க்கு லென்ஸும் வாங்கின நமக்கு ஒரு ஸ்பீக்கரை அணைக்க மனசு வரலை!

நான் மட்டும் யோக்கியனா? இல்லை. இந்தப் பக்கத்தோட மேல இத்தனை நாள் இருந்துச்சே ஒரு ஆறுமணிக்குருவி, நீங்க எல்லாரும் "சூப்பர்"னு பாராட்டினீங்களே, அது நான் மொபைல்ல குரலைப் போட்டு வரவழைச்சு எடுத்த படம்தான். நேத்து ராத்திரி தூக்கிட்டேன்.

இனிமே பறவைப் படம் போட்டா, எப்படி எடுத்தீங்கன்னு ஒரு வரி எழுதுங்க மக்களே. அரிய பறவைன்னா இடத்தைச் சொல்லாதீங்க. யாராவது போட்டா, "சூப்பர்"னு சொல்றதுக்கு முன்னாடி ஸ்பீக்கர் இருந்துச்சான்னு கேளுங்க. நம்ம பாராட்டுதான் அந்த ஸ்பீக்கருக்கு பேட்டரி.

டிஸ்கி: அன்னிக்கு எடுத்த படம் எங்கன்னு கேக்காதீங்க. எடுக்கலை :-)