வாரத்தை வாங்குமுன்

பேரங்காடியில் இலவச வவுச்சர் நீட்டி, ‘டைம்ஷேர்’ பற்றி யாராவது பேசினால் அறையின் அழகில் மயங்காதீர்கள். நம் வாரத்தைக் கொடுத்துவிட்டு வேறு ஊரில் தங்க முடியுமா என்று கேளுங்கள்.

1974-இல் தொடங்கிய ஆர்சிஐ போன்ற பரிமாற்ற நிறுவனங்கள் ஊர், பருவம், அறையின் அளவு பார்த்தே மதிப்புப் போடும். பங்கோரில் பள்ளி விடுமுறை வாரத்துக்குக் கேட்க ஆளுண்டு. அடைமழை வாரத்துக்கு யார் வருவார்? முன்கூட்டியே ஒப்படைப்பதும் நல்லது. பரிமாற்றக் கட்டணம் தனி. போகாத ஆண்டிலும் பராமரிப்புக் கட்டணம் கட்ட வேண்டும்.

1960-இல் சுங்கை சிப்புட் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தோட்டத் தொழிலாளர் போட்ட பணம் நிலமாக நின்றது. இதில் கிடைப்பது பெரும்பாலும் தங்கும் உரிமை மட்டுமே. திட்டம் எஸ்எஸ்எம்-இல் பதிவானதா என்று பார்த்த பிறகே கையெழுத்து!