தட்டில் ஒரே ஒரு பழம்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பெர்க்லி என்று ஒரு பல்கலைக்கழக ஊர். அங்கே ஒரு பழைய வீட்டில் ஷே பனீஸ் என்ற உணவகம் நடக்கிறது. அமெரிக்காவிலேயே சிறந்த உணவகம் இதுதான் என்று 2001-இல் 'கோர்மே' என்ற உணவு இதழ் எழுதியது. கோடை காலத்தில் அங்கே சாப்பாடு முடிந்ததும் சில நாள் ஒரு தட்டில் பீச் பழம் வரும். பாகு கிடையாது, ஐஸ்கிரீம் கிடையாது. வெறும் பழம்தான். அது எந்தத் தோட்டத்துப் பழம் என்பது மட்டும் உணவுப் பட்டியலில் இருக்கும்.

"ஒரு பழத்தை வெச்சிட்டு இவ்வளவு காசா?" என்று கேட்கத் தோணும். நியாயமான கேள்விதான். ஆனால் உழவர்களாகிய நாம் முதலில் கேட்க வேண்டியது வேறு. அந்தப் பழம் எப்படி அந்தத் தட்டுக்குப் போய்ச் சேர்ந்தது?

ஷே பனீஸ் கதையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சமையல் கதையாக எழுதுகிறார்கள். அதைக் கொள்முதல் கதையாகப் படித்தால்தான் நமக்கு உபயோகம் என்பது என் கருத்து.

அந்த உணவகம் திறந்தது 1971 ஆகஸ்ட் 28. தொடங்கியவர் ஆலிஸ் வாட்டர்ஸ். அப்போது அவருக்கு வயது 27. பெரிய சமையல் பள்ளியில் படித்தவர் இல்லை, குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். 1965-இல் பிரான்சுக்குப் படிக்கப் போனபோது, காலையில் சந்தைக்கு வந்த காய் மதியமே தட்டுக்கு வருவதைப் பார்த்தார். அந்த ருசியை ஊருக்குக் கொண்டு வரணும் என்பதுதான் ஆசை. முதல் நாள் இரவு ஒரே சாப்பாடுதான்: வாத்துக்கறி, கீரைக் கலவை, பிளம் பழப் பணியாரம். விலை 3.95 டாலர். அன்று முதல் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். கீழ்த்தளத்தில் ஒரு நாளைக்கு ஒரே பட்டியல். மறுநாள் வேறு பட்டியல். வந்தவர் தனக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்க முடியாது, அன்று என்ன சமைத்தார்களோ அதைத்தான் சாப்பிடணும்.

இந்த ஒரு வழக்கத்தில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. பட்டியல் நிரந்தரமாக இருந்தால் வயல் பட்டியலுக்குப் பின்னால் ஓட வேண்டும். வருசம் முழுக்கத் தக்காளி வேணும், அதுவும் ஒரே அளவில் வேணும் என்பார்கள். பட்டியல் தினமும் மாறினால், சமையல்காரர் வயலைப் பார்த்து நடக்கணும். முள்ளங்கி வந்தால் முள்ளங்கி, அவரை வந்தால் அவரை.

ஆனால் ஆசை மட்டும் இருந்தால் ருசி வந்துவிடாது. அவர் நினைத்த மாதிரி காய்கறி கடையில் கிடைக்கவில்லை. பிரான்சிலிருந்து கீரை விதை கொண்டுவந்து தன் வீட்டுப் பின்கட்டிலேயே விதைத்தார். அப்புறம் ஆட்களைத் தேடினார்கள். சோனோமா பகுதியில் லாரா செனெல் என்ற பெண் வெள்ளாடு வளர்த்துப் பாலாடைக்கட்டி செய்துகொண்டிருந்தார். அன்றைக்கு அமெரிக்காவில் அதை வாங்க ஆளில்லை. ஷே பனீஸ் தொடர்ந்து வாங்கியது. அந்தப் பெண்ணின் தொழில் நிமிர்ந்தது. அதே உணவகத்தில் மேசை துடைக்கும் வேலைக்கு வந்த ஸ்டீவ் சல்லிவன் ரொட்டி சுடப் பழகி, 1983-இல் ஆக்மி என்ற ரொட்டிக்கடையைத் தொடங்கினார். அதே ஆண்டு, அங்கே சமைத்துக்கொண்டிருந்த சிபெல்லா கிராஸ் என்பவர் சுற்று வட்டார உழவர்களையும் உணவகங்களையும் நேரடியாக இணைக்கும் வேலையில் இறங்கினார். நல்ல விளைச்சல் எங்கே இருக்கிறது என்று தேடிப் போவதற்கென்றே உணவகம் ஆள் வைத்தது. சமையலறையில் ஒரு ஆள் குறைந்தாலும் பரவாயில்லை, வயலுக்குப் போக ஒரு ஆள் வேணும் என்று நினைத்த உணவகம் அது.

எண்பதுகளின் நடுவில் இன்னொன்று நடந்தது. ஆலிஸின் அப்பாவும் அம்மாவும் ஊர் ஊராகப் பண்ணைகளைப் பார்த்து, கடைசியில் சோனோமாவில் பாப் கேனர்ட் என்பவரைக் கண்டுபிடித்தார்கள். அவர் வயலைப் பார்த்தால் நம்ம ஊர் ஆட்களே "என்னங்க, களை எடுக்கலையா?" என்று கேட்பார்கள். களைக்கு நடுவில்தான் காய்கறி. பாறைத்தூளும் மட்கும் போட்டு மண்ணை வளர்ப்பதுதான் தன் வேலை, பயிர் தானாக வளரும் என்பார். அவரிடமிருந்து ஷே பனீஸ் பல ஆண்டுகள் வாங்கியது. காய்கறி கொண்டுவரும் வண்டி திரும்பும்போது சும்மா போகாது. சமையலறையின் காய்த்தோல், தழைக் கழிவெல்லாம் ஏற்றிக்கொண்டு போகும். அது பண்ணையில் மட்காகி மண்ணுக்குப் போகும். எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது என்று நாம் மேடையில் பேசுவதை அவர்கள் வண்டியில் ஏற்றிச் செய்தார்கள்.

இப்போது அந்தப் பீச் பழத்துக்கு வருவோம். ஃபிரெஸ்னோ பக்கம் மாஸ் மாசுமோட்டோ என்ற உழவர், எழுத்தாளரும்கூட. அவரிடம் சன்கிரெஸ்ட் என்ற பழைய ரகப் பீச் மரங்கள் இருந்தன. தேன் மாதிரி ருசி. ஆனால் மொத்த வியாபாரிகளுக்குப் பிடிக்கவில்லை. நிறம் போதிய சிவப்பு இல்லை, நாலு நாள் தாங்காது. வெட்டித் தள்ளுவதா வைத்திருப்பதா என்ற நிலைமை. அந்தத் தவிப்பை அவர் எழுதிய பிறகு, ருசி தெரிந்தவர்கள் தேடி வந்தார்கள், மரங்கள் பிழைத்தன. அவர் பழம் ஷே பனீஸ் தட்டிலும் ஏறியது. நம்மிடம் எத்தனை கத்தரி ரகம், எத்தனை நெல் ரகம் இப்படி "மார்க்கெட்டுக்கு ஆகாது" என்ற ஒரு வார்த்தையில் போயிருக்கிறது? விதையைக் காப்பாற்ற விதைத் திருவிழா மட்டும் போதாது. அதை வாங்கிச் சாப்பிட ஒரு வாய் வேணும்.

இதெல்லாம் நல்ல பக்கம். மறுபக்கத்தையும் சொல்லியாகணும்.

3.95 டாலருக்குத் தொடங்கிய அந்த இரவுச் சாப்பாடு இப்போது ஒருவருக்கு 150 டாலருக்கு மேல். அந்த ஊர் பள்ளி ஆசிரியரே யோசித்துத்தான் போகணும். அந்தக் கீரையைப் பறித்த கூலித் தொழிலாளி அங்கே உட்கார்ந்து சாப்பிட வழியே இல்லை. நஞ்சில்லா உணவு பணக்காரர் நாக்குக்குத்தான் என்ற பேச்சு அங்கிருந்தும் கிளம்புகிறது. இரண்டாவது விசயம், ஒரு உணவகத்தை நம்பி ஒரு பண்ணை நிற்க முடியாது. 1982-இலும் 2013-இலும் அங்கே தீ விபத்து. 2020 மார்ச்சில் கொரோனா வந்து உணவுக்கூடத்தை மூடினார்கள். மறுபடி மேசையில் பரிமாற ஈராண்டு ஆனது. கடைக்குப் பூட்டு போடலாம். வயலில் நிற்கும் கீரைக்கு யார் பூட்டு போடுவது?

ஆலிஸ் வாட்டர்ஸே இதை உணர்ந்தவர் மாதிரிதான் நடந்திருக்கிறார். 1995-இல் பெர்க்லியில் ஒரு நடுநிலைப் பள்ளியின் தார் போட்ட வெற்றிடத்தைப் பெயர்த்து, பிள்ளைகள் பயிர் செய்து சமைத்துச் சாப்பிடும் தோட்டத்தை உருவாக்கினார். இப்போது அவர் பேசுவது உணவகத்தைப் பற்றி அல்ல. பள்ளிகள் இடைத்தரகர் இல்லாமல், மண்ணைக் காக்கும் உழவரிடம் நேரடியாக, கட்டுபடியாகும் விலைக்கு வாங்கணும் என்கிறார்.

அமெரிக்காவில் இது ஒரு கனவு. நம்மிடம் அடுப்பு ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கிறது. காமராசர் காலத்து மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, 2022-இல் சேர்ந்த காலை உணவு. ஊருக்கு ஊர் சமையற்கூடம், தினமும் சாம்பாருக்குக் காய். அந்தக் காய் எந்த வயலிலிருந்து வருகிறது, எந்த மருந்து அடித்து வருகிறது என்று நாம் கேட்டிருக்கோமா? நம் இயக்கம் கேட்க வேண்டிய பெரிய கோரிக்கை இதுதான்: அந்தந்த ஒன்றியத்துப் பள்ளிச் சமையலில் ஒரு பங்காவது அந்தந்த ஒன்றியத்து இயற்கை உழவரிடம் வாங்கணும். பட்டியலைப் பருவத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளணும்.

அதுவரை நகரத்து உணவகங்கள் நம்மைத் தேடி வரத்தான் செய்யும். வரட்டும், கொடுப்போம். ஆனால் கிலோ என்ன விலை என்பதோடு பேச்சை முடிக்க வேண்டாம். எங்க வயலில் விளைவதைப் பார்த்துப் பட்டியலை மாற்றுவீங்களா? வளைந்த வெண்டையையும் சின்னத் தக்காளியையும் கழிக்காம எடுப்பீங்களா? உழவர் பெயர் உங்க பட்டியலில் இருக்குமா? சமையற்கழிவு எங்க எருக்குழிக்குத் திரும்பி வருமா? இந்த நாலையும் கேளுங்க. ஒத்துக்கொள்கிறவரிடம் பாதி விளைச்சலைத் தாங்க. மீதியை உழவர் சந்தைக்கும் பக்கத்து வீடுகளுக்கும் வைத்துக்கொள்ளுங்க. 'ஆர்கானிக்' என்று பலகை மாட்டிவிட்டு, ஒரே அளவில் முதல் தரம் மட்டும் கேட்பவருக்கு நம் வயலைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவருக்கு மொத்த மண்டியே போதும்.